விடெக், விடிசி, ஒரு லேப்டாப்: கே20 எஞ்சினை முதல்முறை ட்யூன் செய்பவருக்கு

பழைய எஞ்சினில் ட்யூனிங் என்றால் இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது, பிளக்கில் எப்போது தீப்பொறி விழ வைப்பது. வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது வால்வைத் தள்ளும் கேம் ஷாஃப்டை வடிவமைத்த அன்றே முடிந்துபோன விஷயம். மாறும் வால்வு டைமிங் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. இந்த மூன்றாவதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து முதல் இரண்டின் பதிலும் மாறிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இதை விளக்க ஹோண்டாவின் கே20ஏ எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 2001-ல் இன்டெக்ரா டைப் ஆர் காரில் வந்தது. 1,998 சிசி, 86 மிமீ போர், 86 மிமீ ஸ்ட்ரோக், 11.5:1 கம்ப்ரஷன். டர்போ இல்லாமலேயே 8,000 ஆர்பிஎம்மில் 220 பிஎஸ். வால்வை மாற்றும் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஒரே ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் உட்காரும் பகுதி) இருப்பதால், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரிந்து இல்லை. இதில் பழகிய முறை டொயோட்டாவின் விவிடி-ஐ, பிஎம்டபிள்யூவின் வானோஸ், சுபாருவின் ஏவிசிஎஸ் என்று எங்கே போனாலும் கைகொடுக்கும்.

ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது

முதல் ஏற்பாடு விடெக். 1989-ல் 1.6 லிட்டர் பி16ஏ எஞ்சினில் ஹோண்டா கொண்டுவந்தது. 160 பிஎஸ் கொடுத்த எஞ்சின் அது. ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் மேலே கேம் ஷாஃப்டில் மூன்று மேடுகள் இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் சிறியவை, நடுவில் உள்ளது பெரியது. கீழ் ஆர்பிஎம்மில் சிறிய மேடுகள் வால்வைத் தள்ளும். மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் ஆர்ம்களில் நடுவில் உள்ளது எந்த வால்வையும் தொடாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சோலனாய்டை (மின்சாரத்தால் இயங்கும் ஆயில் வால்வு) திறந்ததும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னை நகர்த்தி மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்த நொடியிலிருந்து பெரிய மேடு சொல்வதுதான் சட்டம்: வால்வு அதிக உயரம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். விடெக்கில் நடுநிலை கிடையாது. சின்ன கேம், இல்லையென்றால் பெரிய கேம்.

இரண்டாவது விடிசி. இன்டேக் கேமின் முனையில் உள்ள கியருக்குள் ஆயில் அழுத்தத்தால் நகரும் இதழ்கள் இருக்கின்றன. அவை கேமை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். கே20ஏ-வில் இந்த நகர்வு கிராங்க் ஷாஃப்டின் சுழற்சிக் கணக்கில் 0 முதல் 50 டிகிரி வரை. வால்வு திறக்கும் உயரமும் மாறாது, திறந்திருக்கும் நேரமும் மாறாது. எப்போது திறக்கிறது என்பது மட்டும் முன்னேயோ பின்னேயோ போகும். இங்கே நடுநிலை உண்டு. 23 டிகிரி என்று சொன்னால் 23-ல் நிற்கும். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஹோண்டா ஐ-விடெக் என்கிறது.

கேமை முன்னே தள்ளினால் என்ன ஆகும்? இன்டேக் வால்வு சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். கீழ் ஆர்பிஎம்மில் காற்று மெதுவாக வருகிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருந்தால் உள்ளே வந்த காற்றையே அது திருப்பித் தள்ளிவிடும். அதனால் சீக்கிரம் மூடுவது நல்லது. 8,000 ஆர்பிஎம்மில் கதை வேறு. காற்று வேகமாக ஓடிவருகிறது, பிஸ்டன் திரும்பிய பிறகும் அந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். அங்கே தாமதமாக மூட வேண்டும், அதாவது கேமைப் பின்னே இழுக்க வேண்டும்.

இன்னொரு விளைவும் உண்டு. இன்டேக் வால்வு சீக்கிரம் திறந்தால், எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் முழுதாக மூடாத அந்தச் சில டிகிரியில் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும். ஓவர்லேப் என்பது இதைத்தான். நல்ல ஹெடர் (எரிந்த வாயுவை எஞ்சினிலிருந்து வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) பொருத்தியிருந்தால், நடு ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் பக்கம் உருவாகும் உறிஞ்சல் புதுக்காற்றை உள்ளே இழுத்துவிடும். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது இதற்கு நேர்மாறு: மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) வெற்றிடம் இருப்பதால் எரிந்த வாயு இன்டேக் பக்கம் திரும்பி வரும். இந்த இரண்டு நடத்தையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை தேவைப்படும்.

உங்கள் எஞ்சின் எந்த ரகம்

வால்வு கவரில் ஐ-விடெக் என்று எழுதியிருப்பதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரே பெயரில் ஹோண்டா வெவ்வேறு வேலை செய்யும் எஞ்சின்களைக் கொடுத்திருக்கிறது. இந்தியாவில் விற்ற 2.4 லிட்டர் அக்கார்டு, சிஆர்-வி கார்களும் கே குடும்பம்தான். ஆனால் அந்த ஹெட் மைலேஜுக்காகச் செய்தது. கீழ் ஆர்பிஎம்மில் இரண்டு இன்டேக் வால்வுகளில் ஒன்று கிட்டத்தட்ட மூடியே இருக்கும். விடெக் விழுந்ததும் அது மற்றதோடு சேர்ந்து திறக்கும், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் பக்கம் மாற்றமே இல்லை. மேலே காத்திருக்கும் பெரிய கேம் என்று ஒன்று அதில் கிடையாது. விடிசி இருப்பதால் கேம் கோணத்தை ட்யூன் செய்து நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்டலாம். டைப் ஆர் மாதிரி 8,000-க்கு மேல் கத்தும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன்

இந்த எஞ்சினில் வால்வு டைமிங்கை நகர்த்துவது முழுக்க ஆயில். ஆயில் குறைவாகவோ அழுக்காகவோ இருந்தால் நீங்கள் ட்யூன் செய்வது கேமை அல்ல, அந்த அழுக்கை. ஆகவே புது ஆயில், புது ஃபில்டர், டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை. விடிசி சோலனாய்டுக்குப் போகும் வழியில் ஹெட்டில் ஒரு சிறிய வலைச் சல்லடை இருக்கிறது. கழற்றிப் பாருங்கள். பழைய காரில் அதில் கறுப்புக் கசடு படிந்திருப்பது சகஜம்.

அடுத்து டைமிங் செயின். செயின் நீண்டுவிட்டால் கேம் உண்மையில் இருக்கும் இடமும் ஈசியூ நினைக்கும் இடமும் பொருந்தாது. டென்ஷனரையும் அப்போதே பார்த்துவிடலாம். டேப்பெட் கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வைக்க வேண்டும், இன்டேக்கில் 0.21 முதல் 0.25 மிமீ, எக்ஸாஸ்டில் அதைவிடச் சற்று கூடுதலாக. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் தனியாகக் குறைந்தால் ட்யூனிங்கை அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட் வேலையைப் பாருங்கள்.

மாற்ற நினைக்கும் இன்டேக், ஹெடர், சைலன்சர் எல்லாவற்றையும் முதலில் மாட்டிவிடுங்கள். ஹெடரை மாற்றினால் உறிஞ்சல் வரும் ஆர்பிஎம் மாறும், சரியான கேம் கோணமும் அதோடு மாறும். இன்று ட்யூன், அடுத்த மாதம் ஹெடர் என்று திட்டம் போட்டால் டைனோ (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) வாடகையை இரண்டு முறை கட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெளியில் வாங்கிய பெரிய கேம் போட்டிருந்தாலோ, 2.4 லிட்டர் பிளாக்கில் கே20 ஹெட்டை ஏற்றியிருந்தாலோ, கேம் 50 டிகிரி முன்னே போகும்போது இன்டேக் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். இடைவெளியை எஞ்சின் கட்டும்போதே அளந்திருக்க வேண்டும். போதாது என்றால், 45 டிகிரிக்கு மேல் நகர முடியாதபடி செய்த விடிசி கியரை மாட்டுவார்கள். மென்பொருளில் மட்டும் வரம்பு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சோலனாய்டு ஒருமுறை சிக்கிக்கொண்டால் கியர் அதன் கடைசி எல்லை வரை ஓடிவிடும், அந்த நேரத்தில் லேப்டாப்பில் போட்ட எண் எதையும் தடுக்காது.

கருவிகள்

ஈசியூவுக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். டிசி5 இன்டெக்ரா, இபி3 சிவிக் போன்றவற்றுக்குப் பலரும் பயன்படுத்துவது ஹோண்டேட்டா கே-புரோ. கம்பெனி ஈசியூவைத் திறந்து அதற்குள்ளேயே ஒரு பலகையைப் பற்றவைப்பது. 2006-க்குப் பின் வந்த சிவிக் எஸ்ஐ மாதிரியான கார்களுக்கு ஃபிளாஷ்புரோ. எதுவானாலும், ஒவ்வொரு கேம் கோணத்துக்கும் தனி பெட்ரோல் டேபிளும் தனி இக்னிஷன் (தீப்பொறி நேரம்) டேபிளும் தரக்கூடியதாக இருக்கட்டும்.

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் கட்டாயம். அதில் காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள்; இருக்கும் விகிதத்தை அந்தப் பெட்ரோலுக்குச் சரியான விகிதத்தால் வகுத்த எண் அது. மீட்டரில் தெரியும் 14.7 என்ற எண் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கானது. 10 சதவீதம் எத்தனால் கலந்தால் சரியான விகிதம் ஏறக்குறைய 14.1, இந்தியாவில் இப்போது போடும் 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. லாம்டா 1.00 என்றால் எந்தப் பெட்ரோலானாலும் 1.00 தான், குழப்பமே இல்லை.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. 11.5:1 கம்ப்ரஷன் உள்ள இந்த எஞ்சின் ஜப்பானின் உயர் ஆக்டேன் பெட்ரோலை வைத்துக் கட்டியது. சாதாரண 91 ஆக்டேனில் இதை முழு மிதியில் (ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து) ட்யூன் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 95-ஆவது வேண்டும். எந்தப் பங்க்கில் எந்தப் பெட்ரோலைத் தினமும் போடுவீர்களோ அதையே டேங்கில் நிரப்பிக்கொண்டு டைனோவுக்குப் போங்கள்.

டைனோவில் இரண்டு வகை. உருளையின் எடையை மட்டும் நம்பி ஓடுவது ஒன்று, பிரேக் போட்டு எஞ்சினை ஒரே ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கக்கூடியது இன்னொன்று. முழு மிதி ஓட்டத்துக்கு எதுவும் போதும். பாதி மிதியை ஒழுங்காகச் செய்ய இரண்டாவது வேண்டும்.

கோணத்தைப் பூட்டிவிட்டு பெட்ரோல்

கே-புரோவில் மேப்பை (ஈசியூ பின்பற்றும் டேபிள்களின் தொகுப்பு) திறந்தால் முதலில் பயமாகத்தான் இருக்கும். சின்ன கேமுக்கு 0, 10, 20, 30, 40, 50 டிகிரி என ஆறு பெட்ரோல் டேபிள். பெரிய கேமுக்கும் அதே ஆறு. இக்னிஷனுக்கும் அதே மாதிரி. எதற்கு இத்தனை?

இந்த ஈசியூ காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் பார்த்து, எவ்வளவு காற்று உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறது. கேம் கோணம் மாறினால், அதே அழுத்தத்தில் அதே ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குள் மாட்டும் புதுக்காற்றின் அளவு மாறிவிடும். 0 டிகிரிக்குச் சரியாக இருந்த எண் 40 டிகிரியில் தவறு. அதனால்தான் கோணத்துக்கு ஒரு டேபிள். கேம் 34 டிகிரியில் நின்றால் ஈசியூ 30-ன் டேபிளையும் 40-ன் டேபிளையும் பார்த்து இடையில் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. கேம் 50-லிருந்து 20-க்குப் போகும்போது வழியில் 40-ஐயும் 30-ஐயும் தொட்டுக்கொண்டுதான் போகும். "என் காருக்கு 30 தேவைப்படவில்லை" என்று அந்த டேபிளை விட்டுவிட்டால், ஒவ்வொரு முறை கேம் அதைக் கடக்கும்போதும் மிக்சர் லீனாகவோ (பெட்ரோல் குறைந்து) ரிச்சாகவோ (பெட்ரோல் கூடி) ஒரு துள்ளல் துள்ளும். வண்டி ஓட்டுகிறவர் அதைச் சின்ன உதறலாக உணர்வார், காரணம் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

செய்முறை இதுதான். காரோடு பொருந்தும் அடிப்படை மேப் ஒன்றை ஏற்றுங்கள். இன்ஜெக்டர் அளவு, மேனிஃபோல்டு அழுத்த சென்சார் வகை இரண்டையும் சரிபாருங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள், கூலன்ட் மட்டும் சூடானால் போதாது, ஆயிலும் சூடாக வேண்டும். பிறகு கேம் கோண டேபிள் முழுவதும் ஒரே எண்ணை நிரப்புங்கள், உதாரணத்துக்கு 20. இப்போது விடிசி எங்கும் அலையாது. விடெக்கையும் தற்காலிகமாக மேலே தள்ளிவைத்து, சின்ன கேமில் மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் மிதியை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், லாம்டா நீங்கள் கேட்ட இடத்துக்கு வரும்படி எண்களைத் திருத்துங்கள். இலேசான ஓட்டத்துக்கு 1.00, முழு மிதிக்கு 0.87 முதல் 0.90 வரை. முடிந்ததும் 30-ஐ நிரப்பி மீண்டும். சலிப்பூட்டும் வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதற்குமேல் செய்யப்போகும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

ஆறு ஓட்டம், ஆறு கோடு

பெட்ரோல் சரியானதும் முழு மிதி. இந்தக் கட்டத்தில் இக்னிஷனை அடிப்படை மேப்பில் இருப்பதைவிட 4, 5 டிகிரி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சக்தி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நாக்கிங் (மிக்சர் தானாகவே வெடித்து எஞ்சினைத் தாக்குவது) பயம் இல்லாமல் கோணங்களை ஒப்பிடுவதுதான் இப்போதைய நோக்கம்.

முதலில் சின்ன கேம். கோணம் 0-ல் பூட்டி, நான்காவது கியரில் 2,000-லிருந்து 6,500 வரை ஒரு ஓட்டம். அடுத்து 10, 20, 30, 40, 50. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே கூலன்ட் சூட்டில், ஒரே இன்டேக் காற்றுச் சூட்டில் தொடங்குங்கள். அவசரப்பட்டு அடுத்தடுத்து ஓட்டினால் கடைசிக் கோடுகள் சூட்டினாலேயே கீழே இறங்கிவிடும். நீங்கள் கேம் கோணத்தின் மேல் பழிபோடுவீர்கள். ஓட்டங்களுக்கு நடுவே ஃபேன் ஓடட்டும், டயர் காற்றையும் ஸ்ட்ராப்பையும் தொட வேண்டாம்.

இப்போது ஆறு டார்க் கோடுகளையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். கீழே 2,500 அருகே 30, 40 டிகிரிக் கோடுகள் மேலே நிற்கும். 3,500 தாண்டியதும் 50-ன் கோடு மற்ற எல்லாவற்றையும் தாண்டி எழும்பும். ஹெடர் உறிஞ்சுகிற இடம் அது. அங்கே 0 டிகிரிக் கோடு வெகு கீழே கிடப்பதைப் பார்த்தால்தான் விடிசி எவ்வளவு வேலை செய்கிறது என்று புரியும். பிறகு 50 சரியத் தொடங்கும், 40 அதை வெட்டிக்கொண்டு மேலே வரும், கொஞ்சம் தள்ளி 30 அதையும் வெட்டும். இதே சோதனையைப் பெரிய கேமில், 4,000-லிருந்து ஆர்பிஎம் எல்லை வரை செய்தால் அதே கதை இன்னும் மேலே நடக்கும்: தொடக்கத்தில் 40-க்கு மேல் உள்ள கோணங்கள், 7,000 அருகே 30-ஐ ஒட்டி, 8,000-ல் 20 பக்கம்.

நான் சொன்ன எண்கள் போக்கைக் காட்டத்தான். உங்கள் ஹெடர், உங்கள் இன்டேக் குழாயின் நீளம், உங்கள் கேம் எல்லாம் அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தை நகர்த்தும். நண்பனின் கார் மேப்பை அப்படியே ஏற்றுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். அவன் கோடுகள் வெட்டிய இடம் அவன் ஹெடருக்குச் சொந்தம்.

அடுத்த வேலை எளிது. ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் எந்தக் கோடு மேலே இருக்கிறதோ அந்தக் கோணத்தை முழு மிதி வரிசையில் எழுதுங்கள். இரண்டு கோடுகள் ஒட்டிப் போனால் நடுவில் உள்ள எண்ணை வையுங்கள்: 40-ம் 30-ம் சமம் என்றால் 35. எழுதி முடித்ததும் எண்கள் படிப்படியாக ஏறி, உச்சிக்குப் பிறகு படிப்படியாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு கட்டத்தில் 45, அடுத்ததில் 25, அதற்கடுத்ததில் மீண்டும் 40 என்று குதித்தால் அது எஞ்சின் கேட்டதாக இருக்காது, அளவையில் வந்த பிசகுதான். கியரும் அந்த வேகத்தில் ஆயிலை வைத்துக்கொண்டு ஓடி எட்டிப் பிடிக்க முடியாது. சமன்படுத்திவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். புதுக் கோடு, பழைய ஆறின் உச்சிகளையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். எங்காவது கீழே விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் 5 டிகிரி கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

விடெக் மாறும் இடம்

எல்லோரும் முதலில் கேட்பது இதை. செய்ய வேண்டியது இவ்வளவு நேரம் கழித்து, ஏனென்றால் சின்ன கேமும் பெரிய கேமும் தத்தம் சிறந்த கோணத்தில் இருந்தால்தான் அவற்றை நியாயமாக ஒப்பிட முடியும்.

சின்ன கேமில் மட்டும் 6,500 வரை ஒரு ஓட்டம். பெரிய கேமை 4,000-லேயே போட்டு எல்லை வரை இன்னொரு ஓட்டம். இரண்டு டார்க் கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அதுதான் விடெக் புள்ளி. கம்பெனி அமைப்பில் இது 6,000-ஐ ஒட்டி இருக்கும். நல்ல ஹெடரும் இன்டேக்கும் போட்டு, கேம் கோணமும் ட்யூன் ஆன எஞ்சினில் பெரும்பாலும் 5,000 பக்கம் இறங்கிவரும்.

பலர் விரும்பும் அந்த விடெக் உதையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 5,800-ல் முதுகில் ஒரு தள்ளு கிடைக்கிறது என்றால், 5,000-லிருந்து 5,800 வரை கிடைத்திருக்க வேண்டிய டார்க்கை அவர் இழந்திருக்கிறார் என்று அர்த்தம். கோடுகள் வெட்டும் இடத்தில் மாற்றினால் உதையே தெரியாது; சத்தம் மட்டும் மாறும், வண்டி இழுத்துக்கொண்டே போகும். அந்த வண்டிதான் வேகமானது.

ஏறும்போது மாறும் ஆர்பிஎம்மைவிட இறங்கும்போது மாறும் ஆர்பிஎம்மை ஏறக்குறைய 200 குறைவாக வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், வளைவில் மிதியைச் சற்றே விட்டுப் பிடிக்கும்போது ராக்கரைப் பூட்டும் அந்தப் பின் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருக்கும்.

இக்னிஷன்

இப்போதுதான் குறைத்து வைத்த டிகிரிகளைத் திருப்பிக் கொடுக்கும் நேரம். ஒரு ஓட்டத்துக்கு 1 டிகிரி என்று கூட்டுங்கள். டார்க் ஏறினால் தொடருங்கள். கூட்டியும் ஏறவில்லை என்றால் அந்த 1 டிகிரியை எடுத்துவிட்டு நின்றுவிடுங்கள். நாக் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் அதற்கு முன்பே நின்று 2 டிகிரி பின்வாங்குங்கள். இந்தியப் பெட்ரோலில் இந்த எஞ்சின் டார்க் உச்சியை எட்டும் முன்பே நாக்கிங்கைத் தொட்டுவிடும் வாய்ப்பு அதிகம். குறிப்பாக டார்க் அதிகம் வரும் நடு ஆர்பிஎம்மில், சிலிண்டர் நன்றாக நிரம்பும் இடத்தில். கேம் கோணத்தைச் சரிசெய்து அதிகக் காற்றை உள்ளே விட்டிருக்கிறீர்கள். அதனால் அங்கே முன்பைவிடக் குறைவான அட்வான்ஸைத்தான் (தீப்பொறியை முன்கூட்டியே விடும் டிகிரி) எஞ்சின் கேட்கும்.

பாதி மிதியில் இதற்கு எதிர்மாறு. கேமை முன்னே தள்ளும்போது எரிந்த வாயு சிலிண்டரில் கலந்து எரிதலை மந்தமாக்கும். அங்கே கூடுதல் அட்வான்ஸ் தேவைப்படும்.

பாதி மிதி: தினசரி ஓட்டும் இடம்

டைனோ நோட்டீஸில் பாதி மிதிக்கு இடமில்லை. ஆனால் காரின் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. பிரேக் வைத்த டைனோவில் 2,500 ஆர்பிஎம்மில் எஞ்சினைப் பிடித்து நிறுத்துங்கள். ஹைவேயில் 80-ல் போகும்போது தேவைப்படும் அளவு டார்க் வரும்படி மிதியை வையுங்கள். லாம்டா 1.00. இப்போது கேம் கோணத்தை 10-லிருந்து ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதே டார்க்குக்கு மிதியைத் திருத்திவிட்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்கிறது என்று பாருங்கள். குறைந்துகொண்டே போகும், ஓர் இடத்தில் நின்றுவிடும், பிறகு எஞ்சின் இலேசாக நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கத்துக்குச் சற்று முன்னால் உள்ள கோணம் உங்களுடையது. எரிந்த வாயு இடத்தை அடைத்துக்கொள்வதால் அதே காற்றுக்குத் த்ராட்டில் அதிகம் திறக்க வேண்டியிருக்கும், காற்றை உறிஞ்ச பிஸ்டன் படும் பாடு குறையும். மேனிஃபோல்டு அழுத்தம் ஏறியும் பெட்ரோல் குறைவது அதனால்தான்.

ஐடிலில் 0. ஓவர்லேப் இருந்தால் ஐடில் குலுங்கும். ஐடிலுக்குப் பக்கத்துக் கட்டங்களிலும் கோணத்தை மெதுவாக ஏற்றுங்கள். இல்லையென்றால் டிராஃபிக்கில் கிளட்சை விடும்போது வண்டி உதறும்.

ஓட்டிப் பார்த்து லாக் எடுப்பது

டைனோவில் எல்லாம் நிதானமாக நடக்கும். ஓட்டத்தில் மிதி ஒரு நொடியில் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பும். அதனால் லேப்டாப்பை இணைத்து லாக் (ஓட்டத்தின் பதிவு) எடுங்கள். முழு மிதி சோதனையை ரேஸ் டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பொதுச் சாலை அதற்கான இடமில்லை. பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு உட்காரட்டும், ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது.

லாக்கில் முதலில் பார்க்க வேண்டியது கேட்ட கேம் கோணமும் கிடைத்த கேம் கோணமும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டிப் போக வேண்டும். திடீரென மிதிக்கும்போது கிடைத்த கோடு ஒரு கணம் பின்தங்குவது இயல்பு. நிலையான வேகத்தில் அது அலை மாதிரி மேலும் கீழும் ஆடினால் சோலனாய்டையும் சல்லடையையும் சந்தேகப்படுங்கள். ஆயில் நன்றாகச் சூடானபின் மட்டும், கீழ் ஆர்பிஎம்மில் மட்டும் பின்தங்கினால், ஆயில் அழுத்தம் போதவில்லை. அடுத்து லாம்டா, குறிப்பாக கேம் வேகமாக நகரும் கணங்களில். அங்கே துள்ளினால் எந்தக் கோணத்தைக் கடக்கும்போது துள்ளியது என்று பார்த்து அந்த டேபிளுக்குத் திரும்புங்கள். கடைசியாக நாக் எண்ணிக்கை. டைனோவில் சுத்தமாக இருந்தது மே மாத வெயிலில் ஏறலாம். இன்டேக் காற்று சூடாகும்போது இக்னிஷனைக் குறைக்கும் டேபிள் ஒன்று இருக்கிறது, அதை நிரப்ப மறக்க வேண்டாம்.

எஞ்சின் லைட் எரிந்தால்

மேப்பைத் தொடும் முன் ஈசியூ காட்டும் எரர் கோடைப் படியுங்கள். பி1259 வந்தால் விடெக் பக்கம்: ஆயில் அளவு, சோலனாய்டு, பிரஷர் சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள்; இவற்றில் பாதி ஆயில் ஊற்றினாலே சரியாகிவிடும். பி1009 வந்தால் விடிசி சொன்ன இடத்துக்குப் போகவில்லை. சல்லடை, சோலனாய்டு, அதன் பிறகு கியர். பி0341 என்பது கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்ற புகார். செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தாவியிருக்கலாம். இந்த எரர் கோடு வந்த எஞ்சினை ரெவ் செய்ய வேண்டாம், செயின் கவரைத் திறந்து பார்க்கும்வரை டைனோ தேதியையும் தள்ளிவையுங்கள். செயின் மாற்றினால் கேம் நிற்கும் இடம் சில டிகிரி திருந்தியிருக்கும், ஆகவே ஆறு ஓட்டத்தையும் புதிதாக ஓட்டித்தான் கேம் டேபிளை எழுத வேண்டும்.